ஒரு விரல் குறைத்த காலணி

மடியில் அவளுடைய வலது கால் கிடக்கிறது, வெதுவெதுப்பாக, படிகாரத் தண்ணீரின் ஈரம் இன்னும் போகாமல், நான் துணியின் ஒரு முனையைப் பாதத்தின் உட்புறம் வைத்து அழுத்திக்கொண்டு, பெருவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களையும் உள்ளங்காலுக்குக் கீழே மடக்கி, மேலே ஒரு சுற்று, குதிகாலைச் சுற்றிப் பின்னால் ஒரு சுற்று, மறுபடி முன்னால், இழு, இன்னும் இழு என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கும் அம்மா சொல்கிறாள், என் தங்கை தாவ்யாவின் வாயில் காய்ந்த இலந்தைப் பழம் ஒன்று இருக்கிறது, அதன் கொட்டையைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறாள், நான் இழுக்கிறேன், ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்கிறது, கொட்டையா எலும்பா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. இதெல்லாம் நடந்து முடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, இப்போது யாரும் யாருக்கும் கால் கட்டுவதில்லை, வெளியே தெருவில் பெண்பிள்ளைகள் தடதடவென்று ஓடுகிறார்கள், ஆனால் மதியத்தில் சற்றுக் கண்ணயர்ந்தால் போதும், என் மடியில் அந்தக் கால் வந்து கிடக்கும், கனவு எது நினைவு எது என்று பிரிக்கத் தெரியாத வயதுக்கு வந்துவிட்டேன், எதுவானாலும் கனம் ஒன்றுதான்.

எங்கள் ஊர் ஷான்ஸி மாகாணத்தின் மஞ்சள் மண் மேடுகளுக்கு நடுவில் இருந்தது, மேட்டைக் குடைந்து அறைகள், அறைக்குள் அடியில் நெருப்பு மூட்டிச் சூடேற்றும் செங்கல் மேடை, அதன் மேல்தான் உட்காருவது, படுப்பது, பிள்ளை பெறுவது, சாவது எல்லாம், அப்பாவுக்குக் காடி வடிக்கும் பட்டறையில் வேலை, அவர் வீட்டுக்குள் நுழையும் முன்பே புளிப்பு வாடை நுழைந்துவிடும். பாதம் வளராமல் சிறிதாகவே இருக்க எனக்கு ஆறு வயதில் கால் கட்டினார்கள், இலையுதிர் காலத்தில், குளிரில் மரத்துப்போனால் வலி தெரியாது என்று யாரோ வலி தெரியாதவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள், அன்று காலையில் அம்மா பசைத்தினை மாவில் கொழுக்கட்டை செய்து கொடுத்தாள், அதைத் தின்றால் எலும்பும் அதைப்போலக் குழையுமாம், நான் நான்கு தின்றேன், ஒன்றும் குழையவில்லை, உடைந்தது. அதற்குப் பிறகு உட்கார்ந்தேன், உட்கார்ந்த பெண்ணின் கை சும்மா இருக்கக் கூடாதென்று ஊசியைக் கொடுத்தார்கள், பத்து வயதில் பூ தைத்தேன், பதினைந்து வயதில் நான் தைத்த பறவையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரி பூனையைத் தூக்கிக்கொண்டு போனாள், அவ்வளவு தத்ரூபமாக இருக்குமாம், எனக்குப் பேசி வைத்திருந்த பையன் கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது அம்மை கண்டு போய்ச் சேர்ந்தான், பிறகு என்னைக் கேட்டு யாரும் வரவில்லை, ராசி இல்லாதவள் என்று பெயர், கையில் மட்டும் ராசி இருந்தது.

தாவ்யா எனக்கு ஐந்து வயது இளையவள், பீச் மரம் பூத்த மாதத்தில் பிறந்ததால் அந்தப் பெயர், அவளுக்கும் ஆறு வயதில் கட்டினார்கள்தான், ஆனால் அம்மா ஆற்றுக்குத் துணி துவைக்கப் போகும் நேரம் பார்த்து அப்பா அவளுடைய கட்டைத் தளர்த்திவிடுவார், காடி வாடை போகாத விரல்களால், ஒரு சுற்று, இரண்டு சுற்று, அம்மாகிட்ட சொல்லிடாதடி என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார், நான் சொல்லவில்லை, என் கட்டை மட்டும் ஏன் யாரும் தளர்த்தவில்லை என்றும் கேட்கவில்லை, மூத்தவளுக்கு அப்படியெல்லாம் கேட்கத் தோன்றாது, இல்லை, தோன்றியது, கேட்கவில்லை. அதனால் அவளுடைய கால் கட்டியும் கட்டாததுமான ஒரு கால், விரல்கள் சாய்ந்திருக்கும், ஆனால் பாதத்தின் வளைவு உடையவில்லை, அவள் ஓடுவாள், நன்றாகவே ஓடுவாள், வரப்பு மேல் ஓடிப்போய் மேட்டில் ஏறி நின்றுகொண்டு அக்கா என்று கத்துவாள், நான் கீழே ஊசியும் கையுமாக உட்கார்ந்து நிமிர்ந்து பார்ப்பேன், அவளைப் பிடிக்கும் எனக்கு, ரொம்பப் பிடிக்கும், அதில் பொய் இல்லை, ஆனால் மேட்டிலிருந்து கேட்கும் அந்தக் குரல் எனக்குள் எங்கேயோ குத்தும், அதிலும் பொய் இல்லை. ஒரு குளிர்காலத்தில் இருமி இருமி அப்பா இறந்துபோனார், அவரை அந்த மேட்டிலேயே புதைத்தோம்.

பெண்ணை நேரில் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கமில்லை, முகம் எப்படி இருந்தால் என்ன, அது தலையெழுத்து, கால் பெண்ணின் பொறுமை, தாயின் கண்டிப்பு என்பார்கள், ஆகவே கல்யாணப் பேச்சு எடுத்தால் பெண்ணின் காலணி ஒன்றைக் கேட்டு வாங்கி அனுப்புவார்கள், மாப்பிள்ளையின் தாய் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து முடிவு சொல்வாள். தாவ்யாவுக்குப் பதினாறு முடிந்தபோது கல்யாணத் தரகு பேசும் லூ அத்தை வந்தாள், நகரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் செங் குடும்பம், ஒரே பையன், அடக்கமானவன், மாமியார் சிரித்த முகம், இந்த மாதிரி இடம் இனிமே கெடைக்காது, பத்து நாள்ல ஒரு செருப்பு தச்சு வை, வந்து வாங்கிக்கிறேன் என்றாள். அம்மா தாவ்யாவின் காலைக் காகிதத்தில் வைத்துக் கோடு இழுத்து வெட்டி என்னிடம் கொடுத்தாள், அந்தக் காகித அளவு இன்னும் என் கண்ணில் இருக்கிறது, சற்று நீளம்தான், நாலரை அங்குலம், ஆனாலும் ஊரில் பாதிப் பெண்களுக்கு அவ்வளவுதான், அம்மாவுக்கு அதில் பயம் இருந்ததாகத் தெரியவில்லை.

நான் மாதுளங்கிளை தைக்க நினைத்திருந்தேன், நுனியில் ஒரு பூ, அங்கிருந்து கிளை பக்கவாட்டில் வளைந்து போய்க் குதிகாலில் இன்னொரு மொட்டோடு முடிய வேண்டும், நடுவில் சிறிய பறவை ஒன்று திரும்பிப் பார்க்க வேண்டும், சிவப்புப் பட்டில், மூன்று விதப் பச்சை நூலில், இதுவரை தைத்ததிலேயே சிறந்ததாக, ஏனென்றால் இதை நகரத்தில் பார்க்கப் போகிறார்கள், எனக்கு வந்து சேராத ஒரு கல்யாணத்துக்கு என் கையாவது போகட்டும். காகிதத்தைப் பட்டின் மேல் வைத்துப் பார்த்தேன், கிளை குதிகாலை எட்டவில்லை, நடுவில் ஒரு விரல் அளவு வெறும் பட்டு, அங்கே இன்னொரு இலை போட்டால் கூட்டமாகிவிடும், போடாவிட்டால் வழுக்கைபோலத் தெரியும், ஒரு நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு காகிதத்தை நடுவில் ஒரு விரல் அளவு மடித்தேன், அவ்வளவுதான் செய்தேன், மடித்தவுடன் கிளை வந்து மொட்டைத் தொட்டது, பறவை சரியான இடத்தில் உட்கார்ந்தது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, சந்தோஷம், அதைச் சொல்லாமல் எப்படி, நான் அன்றைக்கு இருந்த மாதிரி சந்தோஷமாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை, யாருடைய கால் அது என்ற நினைப்பே எனக்கு இல்லை.

லூ அத்தை பத்து நாள் என்றவள் எட்டாம் நாளே வந்து நின்றாள், அம்மா ஆற்றுக்குப் போயிருந்தாள், நான் கடைசி முடிச்சைப் போட்டு நூலை அறுத்து அவள் கையில் கொடுத்தேன், அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கையாடி இது, என்ன கையடி உனக்கு என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். பதினைந்து நாளில் பதில் வந்தது, செங் வீட்டில் காலணியைப் பார்த்துப் பிரமித்துவிட்டார்கள், அறுவடை முடிந்து கல்யாணம், அம்மா சந்தோஷத்தில் அறையைக் கூட்டிப் பெருக்கினாள், அப்போதுதான் மேடையில் விரித்த பாய்க்கு அடியிலிருந்து மடிப்போடு அந்தக் காகிதம் வந்தது, அவள் அதைக் கையில் எடுத்து மடிப்பை நீட்டினாள், மடக்கினாள், மறுபடி நீட்டினாள், என்னைப் பார்த்தாள், திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன், அவள் மறுபடி காகிதத்துக்குக் குனிந்தாள். தாவ்யா உள்ளே வந்தாள், என்னம்மா அது என்றாள், செருப்பு ஒரு விரல் கொறஞ்சு போச்சு என்றாள் அம்மா, யாரு கொறச்சது, நீயா என்று தாவ்யா அம்மாவைக் கேட்டாள், நான் வாயைத் திறக்கும் முன் அம்மா சொன்னாள், ஆமா, நான்தான், கண்ணு மங்கிப் போச்சு, கத்திரி தப்பிடுச்சு. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை, திறந்திருக்கலாம், ஒவ்வொரு நாளும் திறந்திருக்கலாம்.

சரி, லூ அத்தைகிட்ட சொல்லி வேற செருப்பு அனுப்பினா என்ன என்று தாவ்யா கேட்டாள், குழந்தைத்தனமாக, ஆனால் இப்போது யோசித்தால் அந்த அறையில் அறிவோடு பேசியது அவள் ஒருத்திதான், அனுப்பினா நம்மளப் பொய் சொன்ன வீடுன்னு சொல்லுவாங்க, பல்லக்கு வாசல்வரைக்கும் போயித் திரும்பி வரும், அப்படித் திரும்பி வந்த பொண்ணு யாராவது உயிரோட இருக்காளா என்றாள் அம்மா, அப்படித் திரும்பி வந்த எந்தப் பெண்ணையும் எங்களுக்கு நேரில் தெரியாது, கேள்விப்பட்டதுதான், கேள்விப்பட்டதற்குத்தான் நாங்கள் எப்போதும் பயந்தோம். அம்மா படிகாரக் கட்டியை எடுத்து வைத்தாள், புதுத்துணியைக் கஞ்சி போட்டு உலர்த்தினாள், செருப்பு போயாச்சு, இனிமே கால்தான் போகணும் என்றாள்.

பதினாறு வயது எலும்பு ஆறு வயது எலும்பு இல்லை, அது முழு மரம், அம்மா முதல் நாள் கட்டிப் பார்த்தாள், தாவ்யா அம்மா அம்மா என்று கதறியதில் துணியை விட்டுவிட்டாள், மறுநாளிலிருந்து நான் கட்டினேன், என் கை விடவில்லை, பட்டை இழுத்துப் பிடித்துப் பழகிய கை, எவ்வளவு இழுத்தால் துணி கிழியாமல் இறுகும் என்று அதற்குத் தெரியும், மூன்று நாளுக்கு ஒருமுறை அவிழ்ப்போம், கழுவுவோம், முன்பைவிட ஒரு சுற்று கூடுதலாக இறுக்குவோம், இரண்டு மாதமாகியும் காகித மடிப்புக்குக் கால் வந்து சேரவில்லை, அப்போது அம்மா ஒரு பழைய கிண்ணத்தைத் துணியில் சுற்றி உடைத்தாள், சில்லு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள், எதற்கென்று சொல்லவில்லை, எங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, விரலுக்கு அடியில் வைத்துக் கட்டினால் சதை அழுகும், அழுகினால் சுருங்கும். வைத்தேன், நான்தான் வைத்தேன், காய்ச்சல் வந்தது, அறையில் அப்பா விட்டுப்போன காடி வாடையை மீறி இன்னொரு வாடை வந்தது, ஒரு காலையில் துணியை அவிழ்த்தபோது சுண்டுவிரல் துணியோடு வந்துவிட்டது, ஒரு வாரம் கழித்து அதற்கு அடுத்ததும், தாவ்யா அவற்றைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அம்மாவோடு அன்றிலிருந்து பேசவில்லை, கஞ்சி வேணுமா என்றால் என்னைப் பார்த்து வேண்டாம் என்பாள், என்னோடு பேசினாள், என் தோளில் சாய்ந்து அழுதாள், உன் கையாலதான் வலி கம்மியா இருக்கு அக்கா, அவங்க பண்ணின தப்புக்கு நீ கெடந்து கஷ்டப்படுற என்றாள், நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன், அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

அரசர் போய்க் குடியரசு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன, கால் கட்டக் கூடாதென்று மாகாணத்தில் உத்தரவு போட்டிருந்தார்கள், கோடைக்காலத்தில் ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் அதிகாரி வந்தாள், கத்தரித்த தலைமுடி, என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம், வருகிறாள் என்று முதல் நாளே செய்தி வந்துவிட்டது, ஊர் முழுக்க ஒரே வேலை, பெரிய காலணி தைப்பது, உள்ளே பஞ்சை அடைத்து அதற்குள் கட்டிய காலை நுழைத்தால் கட்டாத கால்போலத் தெரியும், தாவ்யாவுக்கும் ஒரு ஜோடி தைத்தேன், மாப்பிள்ளை வீட்டுக்குச் சின்னப் பொய், அரசாங்கத்துக்குப் பெரிய பொய், இரண்டையும் தைத்தது இந்தக் கைதான். அதிகாரி எங்கள் முற்றத்தில் வந்து நின்று, உங்க தங்கச்சிக்குக் கால் கட்டியிருக்கீங்களா என்று என்னைத்தான் கேட்டாள், இல்லீங்க என்றேன், பயப்படாம சொல்லுங்க, இப்ப அவுத்தாக்கூடக் கொஞ்சமாவது நேராகும் என்றாள், அவள் கண்ணில் நிஜமாகவே கவலை இருந்தது, நான் தாவ்யாவைப் பார்த்தேன், அவள் மெல்லத் தலையசைத்தாள், வேண்டாம் என்று, பல்லக்கு திரும்பி வரும் என்று அவளும் நம்பினாள், கட்டலீங்க என்று மறுபடி சொன்னேன், சரி, அந்த இலந்தை மரம் வரைக்கும் நடந்துட்டு வாம்மா என்றாள் அதிகாரி, தாவ்யா நடந்தாள், இருபது அடி போய் இருபது அடி வந்தாள், சிரித்துக்கொண்டே வந்தாள், நெற்றியில் மட்டும் வேர்வை, வெயில் காலம்தானே. அதிகாரி சந்தோஷப்பட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனாள், இந்த வீட்டுப் பெண்ணின் கால் இயற்கையான கால் என்று அதில் எழுதியிருந்ததாம், எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது, தாவ்யா கல்யாணமாகிப் போகும்வரை அந்தத் தாள் அங்கேயேதான் இருந்தது.

அறுவடை முடிந்தது, கால் காகித மடிப்புக்கு வந்து சேர்ந்தது, ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, சிவப்புப் பல்லக்கு வாசலில் நின்றது, பிறந்த வீட்டை விட்டுப் போகும் பெண் தாயைக் கட்டிக்கொண்டு அழுவது முறை, தாவ்யா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அம்மாவுக்கு முறைக்கு ஒரு வணக்கம் போட்டாள், நிமிர்ந்து பார்க்கவில்லை, பல்லக்குத் திரை விழுந்த பிறகும் அம்மா கையை நீட்டியபடியே நின்றாள், கையில் வழிக்கென்று கட்டிய இலந்தைப் பொட்டலம் இருந்தது, நான்தான் ஓடி, ஓட ஏது கால், தத்தித் தத்திப் போய் அதைத் திரைக்குள் போட்டேன். பல்லக்கு திரும்பி வரவில்லை, மூன்று நாள் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வரவில்லை என்றதும் படுத்தாள், அந்தக் குளிர்காலம் முழுக்க எழுந்திருக்கவில்லை, நான் அவளிடம் ஒருநாள், நான் போய் தாவ்யாகிட்ட சொல்லிடுறேம்மா என்றேன், சொல்லாத என்றாள், என்னய வெறுத்தா வெறுத்துட்டுப் போறா, நான் இன்னும் எத்தனை நாளு, உனக்கு அவளயும் அவளுக்கு உன்னயும் விட்டா யாரு இருக்கா என்றாள், இதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்திருந்தாள், நான் கையை உருவிக்கொண்டேன், கோபமில்லை, வெட்கம், ஆனால் அவளுக்கு அது கோபமாகத் தெரிந்திருக்கும், அதற்கு ஐந்தாம் நாள் இறந்துபோனாள். தாவ்யாவுக்குச் சொல்லி அனுப்பினேன், பாதையெல்லாம் பனி, வர முடியாது என்று பதில் வந்தது, பனி அந்த வருஷம் அவ்வளவொன்றும் பெய்யவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் மேட்டின் மேல் அம்மாவைப் புதைத்தோம்.

வசந்த காலத்தில், கல்லறைகளைக் கூட்டிச் சுத்தம் செய்யும் திருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, செங் வீட்டிலிருந்து கழுதை வண்டி வந்தது, தாவ்யாவின் மாமியார் என்னை உடனே வரச் சொன்னாராம், ஏன் என்று வண்டிக்காரனுக்குத் தெரியவில்லை, வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புத்தான், கண்டுபிடித்துவிட்டார்கள், காலை அளந்துவிட்டார்கள், விரல் உதிர்ந்த இடத்தைப் பார்த்துவிட்டார்கள், திருப்பி அனுப்பப் போகிறார்கள். செங் அம்மாள் குட்டையாக, பருமனாக, லூ அத்தை சொன்னதுபோலச் சிரித்த முகமாகத்தான் இருந்தாள், ஆனால் அன்று சிரிக்கவில்லை, மேசை மேல் அந்தச் சிவப்புக் காலணி இருந்தது, உக்காரும்மா என்றாள், உன் தங்கச்சிய இந்தப் புது வருஷத்துக்கு ஒரு திரைச்சீலை தைக்கச் சொன்னேன், பறவை தைக்கிறேன்னு தவளை தச்சு வச்சிருக்கா, நெசத்தச் சொல்லு, இந்தச் செருப்ப யாரு செஞ்சது என்றாள். நான் உட்காரவில்லை, தரையில் விழுந்தேன், தப்பு என்னோடதுங்க, தாவ்யாவுக்கு ஒண்ணும் தெரியாது, எங்கம்மாவும் இல்ல, அம்மா சரியாத்தான் அளவு வெட்டிக் குடுத்தா, நான்தான் ஒரு விரல் கொறச்சேன், அவளத் திருப்பி அனுப்பிடாதீங்க, இப்ப கால் அந்த அளவுக்கு வந்துடுச்சு, வேணும்னா அளந்து பாருங்க என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன், சொல்லி முடித்து நிமிர்ந்தால் வாசல் நிலையில் தேநீர்த் தட்டோடு தாவ்யா நின்றுகொண்டிருக்கிறாள்.

செங் அம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்தாள், பிறகு சிரித்தாள், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், அட பைத்தியமே, நீளத்த யாரு கேட்டா, செருப்ப வச்சு எவளாவது கால நம்புவாளா, எல்லா வீட்டுலயும் ஒரு விரல் கொறச்சுத்தானே அனுப்புவாங்க, ஊருக்கே தெரியுமே, லூகூட அன்னிக்கே சொன்னா, ஒரு விரல் கூட்டிக்கோங்கன்னு, நான் அனுப்பின செருப்புல என் பெருவிரல்கூட நொழையாது, எங்க மாமியார் அத வச்சு ஆயுசு பூரா என்னக் கேலி பண்ணினா, நான் பாத்தது தையல, கடைக்கு ஒரு நல்ல கை வேணும்னு ரெண்டு வருஷமாத் தேடினேன், பல்லக்குலேந்து இவ எறங்கினப்ப எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு, அடேயப்பா, செருப்பு அளவே கால் இருக்கே, இப்படியும் ஒரு வீடா என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கெட்டவள் இல்லை அவள், மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் சிரித்தாள், அதுதான் தாங்கவில்லை. தட்டு ஒன்றும் கை நழுவி விழவில்லை, அதெல்லாம் கதையில் விழும், தாவ்யா மெதுவாக வந்து மூன்று கிண்ணங்களையும் மேசையில் வைத்தாள், வைத்துவிட்டு அவளும் சிரித்தாள், மாமியாரோடு சேர்ந்து, அவரைவிட அதிகமாக, அவர் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம். போகட்டும், கை உன்னோடதுன்னா நீயும் இங்கயே வந்துடு, அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒண்ணா இருங்க என்றாள் செங் அம்மாள், அப்படித்தான் நான் அந்த வீட்டுக்குப் போனேன், அப்படித்தான் அங்கேயே கிடந்தேன், அது பெரிய கதை, அதில் ஒன்றும் இல்லை, தைத்தேன்.

அன்று பிற்பகல் தாவ்யாவின் அறைக்குப் போனேன், அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், நான் எதுவும் கேட்காமல் கீழே உட்கார்ந்து அவளுடைய வலது காலை எடுத்து மடியில் வைத்துத் துணியை அவிழ்க்க ஆரம்பித்தேன், ஒரு சுற்று, இரண்டு சுற்று, அப்பா செய்வதுபோல, இனிமேல் எதற்கு இது, யாருக்காக, கால் வெளியே வந்ததும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என் தோளைப் பிடித்தாள், அவுக்காத அக்கா, அவுத்தாத்தான் வலிக்குது, கட்டு இல்லாட்டி எந்திரிச்சு நிக்கவே முடியல, பழையபடி கட்டு என்றாள். சரி என்று படிகாரத் தண்ணீரில் கழுவினேன், மூன்றே விரல் இருந்த அந்தப் பாதத்தைத் துடைத்தேன், கட்ட ஆரம்பித்தேன், அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏன் கொறச்ச என்று கேட்டாள், கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன், உனக்கு நல்ல எடம் கெடைக்கணும்னுதான் என்று சொல்லியிருப்பேன், நாக்கு நுனிவரை அது வந்தது, ஆனால் அவள் சும்மா, நேரம் என்ன என்று கேட்பதுபோலக் கேட்டாள், அதனால் உண்மையைச் சொன்னேன், கெளை பத்தல, குதிகால்ல மொட்டு வந்து சேரல, மடிச்சா சரியா வந்துச்சு. பூ நல்லாத்தான் வந்திருக்கு அக்கா என்றாள் அவள்.

நான் அழுதேன், அவள் அழவில்லை, அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள், தெரியும் என்றேன், காகிதம் கையில கெடச்ச அன்னிக்கே தெரியும், உன்கிட்ட மாத்திச் சொன்னா, கடைசிவரைக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டா என்றேன், என்னைக் கேட்டாளா, சாகும்போது என்னைக் கேட்டாளா என்றாள், வாசலையே பாத்துக்கிட்டிருந்தா என்றேன். வலது கால் கட்டி முடிந்திருந்தது, அவள் அதைக் கீழே வைத்து ஊன்றிப் பார்த்தாள், பிறகு இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள், இதையும் கட்டு, நல்லா இறுக்கமா, கல்லறை சுத்தம் பண்ண இன்னும் மூணு நாள்தானே இருக்கு, அம்மா இருக்குற மேட்டுக்கு வண்டி ஏறாதுல்ல என்றாள். ஏறாது, நடந்துதான் போகணும் என்றேன். துணியை எடுத்தேன், இழுத்தேன், இன்னும் என்றாள், இழுத்தேன்.